ஊர்ப்பேரைக் குடிக்காதீங்க சாமி!

"ஷாம்பெயின்னா ஷாம்பெயின்தான், மத்ததெல்லாம் சோடா ஊத்தின ஒயின்." சமீபத்துல ஒரு நண்பர் இப்படி அடிச்சு எழுதியிருந்தார். கீழே இருபது பேர் 'சரியாச் சொன்னீங்க தல'ன்னு பின்னூட்டம் வேற. அங்கேயே பதில் போடலாம்னு ஆரம்பிச்சேன். எழுத எழுத அனுமார் வால் மாதிரி நீண்டுகிட்டே போச்சு. அதான் தனிப்பதிவு.

முதல்லயே ஒரு டிஸ்கி. குடிக்காதவங்களைக் குடிக்க வைக்க இதை எழுதல. அவங்க இதோட அடுத்த பதிவுக்குப் போயிடலாம், கோவிச்சுக்க மாட்டேன். ஏற்கெனவே கல்யாண நாளுக்கும், புத்தாண்டுக்கும், மேனேஜர் பிரமோஷன் வாங்கினதுக்கும் பாட்டில் வாங்கித் தள்ளுற மக்களுக்குத்தான் இது. குடுக்கற காசு எதுக்குப் போகுதுன்னு தெரிஞ்சு குடுங்க என்பதுதான் என் கட்சி. ஊர்ப்பேருக்கு ஒரு விலை இருக்கு, வேலைக்கு ஒரு விலை இருக்கு. நண்பர் ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்புறார்.

முதல்ல அந்த 'சோடா ஊத்தின ஒயின்' விஷயம். அப்படி ஒண்ணு நிஜமாவே இருக்கு. சாதாரண ஒயினை எடுத்து, கோலி சோடாவுக்கு ஏத்தற மாதிரி கார்பன் டை ஆக்சைடு ஏத்தி மூடி போட்டு விக்கறாங்க. ஊத்தினதும் பெரிய பெரிய குமிழியா வந்து, நாலு நிமிஷத்துல அடங்கிப்போகும். அதைத் திட்டினா நானும் கூட நின்னு திட்டுவேன். ஆனா ஷாம்பெயின் தவிர மத்த எல்லாமே அப்படித்தான்னு சொல்றது, மணப்பாறைக்கு வெளிய சுடற முறுக்கு எல்லாம் பிளாஸ்டிக்குன்னு சொல்ற மாதிரி.

குமிழி எங்கேருந்து வருது? கள்ளுப்பானையில நுரை பொங்கறதைப் பார்த்தவங்களுக்கு விளக்கமே வேண்டாம். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னும், ஆல்கஹாலையும் கார்பன் டை ஆக்சைடையும் வெளியே விடும். திறந்த பானையில வாயு ஓடிப்போயிடும். மூடின பாட்டிலுக்குள்ள நடந்தா அது எங்க போகும்? ஒயினுக்குள்ளேயே கரைஞ்சு உட்கார்ந்துக்கும். ஷாம்பெயின் செய்யற விதம் இதுதான். முதல்ல சாதாரண ஒயின் தயார் பண்ணி பாட்டில்ல ஊத்துவாங்க. லிட்டருக்கு 24 கிராம் அளவுல சர்க்கரையும் கொஞ்சம் ஈஸ்டும் போட்டு இறுக்கி மூடுவாங்க. உள்ள அழுத்தம் ஏறி ஆறு அட்மாஸ்பியர் கிட்ட வரும். கார் டயர்ல இருக்கறது மாதிரி ரெண்டரை, மூணு மடங்கு. (அதனாலதான் அந்தப் பாட்டில் அவ்வளவு கனம். அதனாலதான் கார்க்கை யார் மூஞ்சிக்கு நேராவும் காட்டித் திறக்கக்கூடாது. கண்ணு போயிடும், விளையாட்டில்லை.)

சர்க்கரை தீர்ந்ததும் ஈஸ்ட் செத்து அடியில வண்டலாப் படியும். இங்கதான் விஷயமே இருக்கு. அந்தச் செத்த ஈஸ்ட் மாசக்கணக்குல, வருஷக்கணக்குல ஒயினோட கிடந்து மெல்ல மெல்லக் கரையும். பேக்கரி வாசல்ல நின்னா வருமே ஒரு வாசம், சுட்ட ரொட்டி, பிஸ்கட், வறுத்த பருப்பு... அது இங்கேருந்துதான் வருது. குமிழி பொடிசா, மெத்துன்னு இருக்கறதுக்கும் இந்தக் காத்திருப்புல பங்கு உண்டு. அப்புறம் பாட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பித் தலைகீழா நிறுத்தி, வண்டலைக் கழுத்துக்குக் கொண்டு வந்து, கழுத்தை மட்டும் உறைய வெச்சு, மூடியைத் தட்டினா வண்டல் பனிக்கட்டியா வெளிய துள்ளும். குறைஞ்ச இடத்தை ஒயினும் சர்க்கரையும் கலந்து நிரப்பிக் கார்க் அடிப்பாங்க.

இப்ப கேள்வி. மேல சொன்னதுல எந்த வேலையை ஷாம்பெயின் மாவட்டத்துக்கு வெளிய செய்ய முடியாது? ஒண்ணும் கிடையாது. ஸ்பெயின்ல காவா இப்படித்தான் செய்யறாங்க. பிரான்ஸ்லயே லுவார், அல்சாஸ், பர்கண்டி, லிமூ பக்கமெல்லாம் 'கிரெமான்'னு இதைத்தான் செய்யறாங்க. இத்தாலியில ஃபிரான்சியகோர்ட்டா, ட்ரெண்டோ. தென்னாப்பிரிக்காவுல 'கேப் கிளாசிக்'. எல்லாம் அதே பாட்டில், அதே ஈஸ்ட், அதே தலைகீழ் வேலை.

நான் சொன்னா நம்ப வேண்டாம். ஷாம்பெயின் முதலாளிகள் என்ன செஞ்சாங்கன்னு பாருங்க. மொயெட் அண்ட் ஷாந்தோன் கம்பெனி 1959ல அர்ஜென்டினாவுக்குப் போய் 'ஷாந்தோன்'னு குமிழி ஒயின் செய்ய ஆரம்பிச்சுது. 1973ல கலிபோர்னியா, பிரேசில். 1986ல ஆஸ்திரேலியா. 2013ல நம்ம நாசிக் பக்கத்துல திண்டோரிக்கே வந்துட்டாங்க. லூயி ரோடரர் கலிபோர்னியாவுல தோட்டம் வெச்சிருக்கு. டெட்டாஞ்சே இங்கிலாந்துல கென்ட்ல நிலம் வாங்கி 2017ல நட ஆரம்பிச்சுது. மத்த ஊர் ஒயின் எல்லாம் சோடாத் தண்ணின்னா இவங்க எதுக்குய்யா கப்பல் ஏறிப் போறாங்க? ஊர்ப்பேரை நம்பறவங்க நாமதான். அவங்க இல்லை.

சரி, கண்டுபிடிச்சது அவங்கதானே, அந்த மரியாதைன்னு ஒண்ணு இருக்கே? - நண்பர் பதிவுல இருந்த ரெண்டாவது அஸ்திரம். டோம் பெரிஞோன்னு ஒரு கண்ணு தெரியாத சாமியார் குமிழியைக் கண்டுபிடிச்சு, நட்சத்திரத்தையே குடிக்கறேன்னு கத்தினாராம். அருமையான கதை. என்ன, நடக்கல. அவ்வளவுதான். :-)

டோம் பெரிஞோன் நிஜமான ஆள்தான். 1668லேருந்து 1715ல சாகற வரைக்கும் ஒவிலேர் மடத்துல நிலவறைப் பொறுப்பாளர். கெட்டிக்காரர். பல தோட்டத்துத் திராட்சையைப் பார்த்துப் பார்த்துக் கலக்கறதுல மன்னன். ஆனா அந்தக் காலத்துல குமிழி வர்றதை ஒரு குறையாத்தான் பார்த்தாங்க. குளிர்ல பாதியில நின்னுபோன நொதித்தல் வசந்தத்துல மறுபடி ஆரம்பிக்கும், பாட்டில் வெடிக்கும், நஷ்டம். அவர் பாடுபட்டது குமிழி வராம இருக்கறதுக்கு. அவர் செத்து நூறு வருஷம் கழிச்சு, 1821ல, அதே மடத்தைச் சேர்ந்த இன்னொரு சாமியார் மடத்துக்குப் பெருமை சேர்க்க அளந்துவிட்டதுதான் கண்டுபிடிப்புக் கதை. நட்சத்திர வசனம் அதுக்கும் அப்புறம் விளம்பரக்காரங்க வேலை. 1930கள்ல மொயெட் கம்பெனி தன்னோட விலை உசந்த பாட்டிலுக்கு அந்தப் பேரை வெச்சதும் கதை கல்வெட்டாயிடுச்சு.

சாமியார் வேலைக்குச் சேர்றதுக்கு ஆறு வருஷம் முன்னாடி, 1662 டிசம்பர்ல, லண்டன் ராயல் சொசைட்டியில கிறிஸ்டோஃபர் மெரெட்னு ஒருத்தர் ஒரு கட்டுரை குடுத்தார். நம்ம ஒயின் வியாபாரிங்க ஒயின்ல சர்க்கரையும் வெல்லப்பாகும் சேர்த்துச் சுறுசுறுன்னு குமிழி வர வைக்கறாங்கன்னு அதுல எழுதியிருக்கு. காரணம் ரொம்ப லௌகீகமானது. இங்கிலாந்துல கண்ணாடி உலைக்கு நிலக்கரி போட்டாங்க. சூடு அதிகம், கண்ணாடி பலம். பிரெஞ்சுப் பாட்டில் தாங்காத அழுத்தத்தை அது தாங்கிச்சு. தெற்கு பிரான்ஸ்ல லிமூ ஊர்க்காரங்க, நாங்க 1531லயே செஞ்சோம்னு சொல்லிக்கறாங்க. அதுக்கு எவ்வளவு ஆதாரம் இருக்குங்கறது தனி வழக்கு. ஆக, 'முதல்ல செஞ்சவன்' பட்டத்துக்குக் காசு குடுக்கறதா இருந்தா யாருக்கு மணியார்டர் அனுப்பறதுன்னே தெரியாது.

அதுக்காக எல்லாத்தையும் ஷாம்பெயின்னு கூப்பிடலாம்னு சொல்றவங்க பக்கமும் நான் இல்லை. அந்தப் பேரு சும்மா கிடைக்கல. 1910ல ஷாம்பெயின் பகுதியில விளைச்சல் மொத்தமாப் படுத்துடுச்சு. தோட்டக்காரன் வீட்ல சோத்துக்கு வழியில்லை. அதே நேரத்துல பெரிய கம்பெனிகள்ல சிலது வெளியூர்லேருந்து மலிவாத் திராட்சையும் ஒயினும் ரயில்ல இறக்கி, ஷாம்பெயின்னு லேபிள் ஒட்டி வித்துக்கிட்டிருந்தது. 1911 ஜனவரியில தோட்டக்காரங்க லாரியை மறிச்சு வெளியூர் ஒயினைக் கொட்டினாங்க. ஏப்ரல்ல 'அயி' ஊர்ல கம்பெனி வீடுகளுக்குத் தீ வெச்சாங்க. பட்டாளம் இறங்கிச்சு. எல்லைக்கோடு எங்க போடறதுன்னு மார்ன் மாவட்டத்துக்கும் ஓப் மாவட்டத்துக்கும் தனிச்சண்டை. 1927ல சட்டம் வந்துதான் ஒரு வழியாத் தீர்ந்தது.

அதனால அந்தப் பேரைத் திருடறவன் மேல எனக்கும் கோபம் உண்டு. அமெரிக்காவுல 2006 ஒப்பந்தத்துக்கு முன்னாடியே பேரைப் போட்டுக்கிட்டவங்க இன்னைக்கும் 'கலிபோர்னியா ஷாம்பெயின்'னு விக்கலாம். ரஷ்யா 2021ல போட்ட சட்டம் இன்னும் தமாஷு. 'ஷம்பான்ஸ்கயே'ங்கற பேரு ரஷ்யச் சரக்குக்கு மட்டும்தானாம், பிரான்ஸ்லேருந்து வர்ற நிஜ ஷாம்பெயின் பின் லேபிள்ல 'குமிழி ஒயின்'னு போட்டுக்கணுமாம். திருடன் வீட்டுக்காரனைப் பார்த்து அடையாள அட்டை கேட்ட கதை. தென்னாப்பிரிக்கா இதுல நாகரிகம். 1935ல பிரான்ஸோட ஒரு ஒப்பந்தம் போட்டாங்க: நீ எங்க சிங்கி இறாலை வாங்கிக்கோ, நாங்க உன் ஊர்ப்பேரை விட்டுடறோம்னு. பேருக்குப் பதிலா இறால். எனக்குத் தெரிஞ்சு உலகத்துலயே ருசியான காப்புரிமைப் பேச்சுவார்த்தை அதுதான்.

ஆனா, 1911ல தடியெடுத்த அந்தத் தோட்டக்காரங்களுக்குத்தான் இன்னைக்கு நம்ம காசு போகுதா?

கணக்கைப் பாருங்க. ஷாம்பெயின் திராட்சைத் தோட்டத்துல சுமார் 90 சதவீதம் தோட்டக்காரங்க கையில இருக்கு. பதினாறாயிரம் குடும்பம் கிட்ட. ஆனா விக்கற பாட்டில்ல பெரும்பங்கு கம்பெனிகளோடது. மொயெட், வெவ் கிளிக்கோ, க்ரூக், ருயினார், மெர்சியே, டோம் பெரிஞோன் - கடையில எதிரெதிர் அலமாரியில போட்டியாளர் மாதிரி முறைச்சுக்கிட்டு நிக்கிற இத்தனை பேருக்கும் ஒரே அப்பன், எல்விஎம்ஹெச். லூயி வித்தோன் கைப்பை விக்கற அதே குழுமம். கைப்பையை எப்படி விக்கணும்னு தெரிஞ்சவங்க ஒயினை எப்படி விப்பாங்க? கைப்பை மாதிரியேதான். விமான நிலையம், நடிகை, தங்கப் பெட்டி.

நியாயமாவும் பேசணும். ஷாம்பெயினை அடிமாட்டு விலைக்கு விக்க முடியாது. அங்க திராட்சை கிலோ ஆறு யூரோவுக்கு மேல போகுது. ஒரு பாட்டிலுக்குச் சுமார் 1.2 கிலோ வேணும். நிலம் ஹெக்டேருக்குப் பத்து லட்சம் யூரோ அளவுல நிக்குது. கையாலதான் பறிக்கணும்னு விதி வேற. ஆக அடக்கவிலையே அதிகம். ஆனா நிலம் ஏன் அந்த விலை? பேரு இருக்கறதால. பேரு ஏன் அந்த மவுசு? விலை இருக்கறதால. சுத்திச் சுத்தி வர்ற இந்தச் செக்குல உங்க நாக்குக்கு எங்க சாமி வேலை?

அந்தக் கையால பறிக்கிற கதைக்கு வாங்க. அறுவடைக்கு ஒரு லட்சம் பேருக்கு மேல வர்றாங்க. 2023 செப்டம்பர் அறுவடை அனல் வெயில்ல நடந்தது. தொழிலாளிங்க சில பேர் செத்துப்போனாங்க. வெயில்தான் காரணமா இருக்கும்னு அப்பவே சந்தேகம் கிளம்பிச்சு. அதே அறுவடையில மாலி, மொரிட்டானியா, ஐவரி கோஸ்ட், செனகல் நாடுகள்லேருந்து வந்த ஐம்பத்தேழு பேரை நெல்-லெ-ரெபோன்ங்கற கிராமத்துல மோசமான கட்டடத்துல அடைச்சு வெச்சு வேலை வாங்கியிருக்காங்க. ஆள் சப்ளை செய்த நிறுவனத்தோட நிர்வாகிக்கும் இன்னும் ரெண்டு பேருக்கும் 2025 ஜூலையில ஷாலோன் நீதிமன்றம் மனிதக் கடத்தல் வழக்குல தண்டனை குடுத்தது. மத்த ஒயின் ஊர்ல எல்லாம் ராமராஜ்ஜியம் நடக்குதுன்னு நான் சொல்லல. 'விலை அதிகம்னா எல்லாம் ஒழுங்கா நடக்கும்'னு நண்பர் எழுதினாரே, அந்த ஒரு வரிக்குத்தான் இந்தப் பதில். நாப்பது யூரோ, ஐம்பது யூரோ குடுத்து வாங்கற பாட்டிலோட திராட்சையைப் பறிச்சவனுக்குப் படுக்க ஒழுங்கான இடம் இல்லை. அந்தக் காசுல அவன் பங்கு எங்க?

ஷாம்பெயின்தான் வாங்குவேன்னு ஒத்தக்கால்ல நிக்கறவங்க குறைஞ்சபட்சம் லேபிளோட மூலையில பொடி எழுத்துல இருக்கற ரெண்டெழுத்தையாவது பாருங்க. 'என்.எம்.'னு இருந்தா திராட்சையை வெளிய வாங்கவும் உரிமை உள்ள கம்பெனி. 'ஆர்.எம்.'னா தன் தோட்டத்துத் திராட்சையில தானே செஞ்ச தோட்டக்காரன். 'சி.எம்.'னா கூட்டுறவு. 'எம்.ஏ.'னு இருந்தா யாரோ செஞ்சதுக்கு சூப்பர் மார்க்கெட் மாதிரி இன்னொருத்தர் பேரை ஒட்டியிருக்காங்கன்னு அர்த்தம். ஆர்.எம். எல்லாம் அமிர்தம்னு இல்லை, சுமாரான தோட்டக்காரனும் இருக்கான். ஆனா விளம்பரப் பலகைக்குக் காசு அழற அளவு குறையும்.

இனி லேபிள்ல இருக்கற பெரிய மோசடிக்கு வருவோம். மோசடின்னு சட்டப்படி சொல்ல முடியாது. ஆனா தெரிஞ்சவங்கள்ல பாதிப் பேர் இதுல விழுந்திருக்காங்க. 'எக்ஸ்ட்ரா டிரை'ன்னு போட்டிருந்தா என்ன நினைப்பீங்க? இனிப்பே இருக்காது, சர்க்கரை வியாதிக்காரர் கூடத் தொட்டுப் பார்க்கலாம்னுதானே? தப்பு. 'எக்ஸ்ட்ரா டிரை'ங்கறது 'ப்ரூட்'டை விட இனிப்பு. ப்ரூட்ல லிட்டருக்கு 12 கிராமுக்குள்ள சர்க்கரை. எக்ஸ்ட்ரா டிரையில 12லேருந்து 17. வெறும் 'டிரை'ன்னா அதைவிட மோசம், 17லேருந்து 32. 'டெமி-செக்', அதாவது 'பாதி டிரை', 32லேருந்து 50. நிஜமாவே இனிப்பு வேண்டாம்னா 'எக்ஸ்ட்ரா ப்ரூட்' (6 கிராமுக்குள்ள), இல்லாட்டி 'ப்ரூட் நேச்சர்' (3 கிராமுக்குள்ள, பின்னால சர்க்கரை சேர்க்காதது) தேடணும்.

ஏன் இப்படித் தலைகீழா? பத்தொன்பதாம் நூற்றாண்டுல ஷாம்பெயின் பாயசம் மாதிரி இருந்தது. ரஷ்யப் பிரபுக்களுக்குப் போன பாட்டில்ல லிட்டருக்கு 200 கிராமுக்கு மேல சர்க்கரை. இன்னைக்குக் கோலாவுல இருக்கறது மாதிரி ரெண்டு மடங்கு. அதோட ஒப்பிட்டா 30 கிராம் 'டிரை'தான். ஆங்கிலேயர்களுக்கு இன்னும் இனிப்புக் குறையணும்னு தோணிச்சு, 'எக்ஸ்ட்ரா டிரை' வந்தது. மேடம் பொம்மெரி 1874ல இன்னும் குறைச்சு ப்ரூட் வித்தாங்க. ஜார் போயாச்சு, பிரபு போயாச்சு, அவங்க நாக்குக்குப் போட்ட அளவுகோல் மட்டும் நூத்தைம்பது வருஷமா லேபிள்ல உக்காந்து நம்மளை ஏமாத்துது. மாத்தினா என்ன? மாத்த மாட்டாங்க. 'டிரை'ன்னு சொல்லிக்கணும், இனிப்பாவும் குடிக்கணும்ங்கற ஆசாமிகள் நிறைய. ரெண்டையும் ஒரே பாட்டில்ல குடுக்கற சௌகரியத்தை எந்த வியாபாரி விடுவான்?

லேபிள்ல பார்க்க வேண்டிய இன்னொண்ணு, வண்டலோட எத்தனை மாசம் கிடந்ததுங்கறது. வருஷம் போடாத சாதா ஷாம்பெயின் பாட்டில்ல மொத்தம் 15 மாசம் இருக்கணும், அதுல 12 வண்டலோட. வருஷம் போட்டதுன்னா மூணு வருஷம். காவாவுக்கு 9 மாசம், 'ரிசர்வா'ன்னா 18, 'கிரான் ரிசர்வா'ன்னா 30. ஃபிரான்சியகோர்ட்டா சாதா பாட்டிலுக்கே 18. இதை ஒருமுறை நிதானமாப் படிங்க. 30 மாசம் கிடந்த காவா, சட்டம் சொல்ற குறைஞ்சபட்சத்துல வெளிய வந்த ஷாம்பெயின்ல பாதி விலைக்குக் கூட பல ஊர்ல கிடைக்குது. காத்திருந்த காலம் ரெண்டு மடங்குக்கு மேல. பல பேர் பின் லேபிள்ல வண்டலை எடுத்த தேதியையும் போடறாங்க. போட்டிருந்தா நல்ல அறிகுறி. மறைக்க ஒண்ணும் இல்லாதவன்தான் தேதி போடுவான்.

காவாவுலயும் குப்பை உண்டு, நிறைய உண்டு. பெரிய ஆலைகள் 9 மாசம் முடிஞ்ச கையோட லட்சக்கணக்குல தள்ளி விலையையும் பேரையும் கெடுத்தாங்க. அது பொறுக்காம ஒன்பது தயாரிப்பாளர்கள் 2019 ஜனவரியில காவாங்கற பேரையே தூக்கிப் போட்டுட்டு வெளிய வந்தாங்க. 'கோர்பின்னாட்'னு தனி முத்திரை. இயற்கை வேளாண்மை, கைப்பறிப்பு, குறைஞ்சது 18 மாசம். பாருங்க, ஊர்ப்பேரை உதறிட்டு வேலையைக் காட்டி விக்கறாங்க. நான் இத்தனை நேரம் கத்தறதை அவங்க வியாபாரமாவே செஞ்சுட்டாங்க.

ப்ரோசெக்கோ பத்தி நண்பர் 'ஏழைகளின் ஷாம்பெயின்'னு நக்கல் அடிச்சிருந்தார். அது ஷாம்பெயினாக முயற்சியே பண்ணல. ரெண்டாவது நொதித்தல் பாட்டில்ல இல்ல, பெரிய எஃகுத் தொட்டியில. மார்டினொட்டிங்கற இத்தாலிக்காரர் 1895ல காப்புரிமை வாங்கின முறை, 1907ல ஷார்மாங்கற பிரெஞ்சுக்காரர் மெருகேத்தினது. நோக்கமே வேற: ரொட்டி வாசம் வேண்டாம், பேரிக்காய், ஆப்பிள், வெள்ளைப்பூ வாசம் கெடாம வேணும். வாங்கின வருஷமே குடிச்சுடணும், பரண்ல ஏத்தி வெச்சா வீண். ஒரு மாலை நேரத்துல வேர்க்கடலை கொறிச்சுக்கிட்டுப் பேசறதுக்கு இதைவிடச் சரியானது இல்லை. என்ன, அவங்களுக்கும் ஊர்ப்பேர் அரசியல் உண்டு. ப்ரோசெக்கோங்கறது முன்னால திராட்சையோட பேரு. திராட்சைப் பேரா இருந்தா உலகத்துல எவன் வேணாலும் போட்டுக்கலாமே? அதனால 2009ல திராட்சைக்கு 'க்ளேரா'ன்னு பேரை மாத்தி, திரியெஸ்தே பக்கத்துல இருக்கற ப்ரோசெக்கோ கிராமம் வரைக்கும் எல்லையை இழுத்து, அதை ஊர்ப்பேர் ஆக்கிட்டாங்க. இந்தச் சாமர்த்தியத்துக்கு ஒரு சபாஷ். ப்ரோசெக்கோவுல உசத்தி வேணும்னா வால்டோப்பியாதெனே மலைச்சரிவுப் பேர் போட்டதைத் தேடுங்க.

'இந்தியாவுல இருக்கோம், எங்களுக்கு என்ன?'ன்னு கேக்கறவங்களுக்கு: நாசிக் பக்கத்துல சூலாவும், மேல சொன்ன ஷாந்தோனும் பாட்டில்லயே நொதிக்க வெக்கற முறையில செய்யறாங்க. இது நேத்து வந்த கூத்தும் இல்லை. 1980கள்லயே மகாராஷ்டிரத்துல நாராயண்காவ்லேருந்து 'ஒமர் கய்யாம்'னு ஒரு குமிழி ஒயின் இங்கிலாந்து வரைக்கும் ஏத்துமதி ஆச்சு. பைப்பர்-ஹெய்ட்ஸீக்ங்கற ஷாம்பெயின் கம்பெனிதான் தொழில்நுட்ப உதவி. இறக்குமதி ஷாம்பெயின் மேல வரி மேல வரி போட்டு விக்கற விலையில, உள்ளூர் ப்ரூட் மூணு பாட்டில் வாங்கி நாலு பேருக்குக் குடுத்துட்டு மிச்சக் காசுல மீன் வாங்கலாம்.

எங்க வாங்கினாலும் சரி, நல்ல பாட்டிலை வாங்கி அதைக் கொல்றதுல நம்மாளுங்களை மிஞ்ச ஆள் கிடையாது. குலுக்கி, பீய்ச்சி, தரையைக் கழுவறது. 1967ல லெ மான் பந்தயத்துல ஜெயிச்ச டான் கர்னி சந்தோஷத்துல பீய்ச்சினார், அன்னையிலேருந்து உலகமே பீய்ச்சுது. இதுல ஒரு கூத்து. 2021லேருந்து 2024 வரைக்கும் ஃபார்முலா ஒன் மேடையில பீய்ச்சினது ஷாம்பெயினே இல்லை. 'ஃபெர்ராரி'ங்கற பேர்ல ட்ரெண்டோவுல செய்யற இத்தாலிக் குமிழி ஒயின் (காருக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை). டிவி முன்னாடி உக்காந்து 'ஆஹா ஷாம்பெயின்'னு வாயைப் பொளந்த யாருக்கும் வித்தியாசம் தெரியல. 2025ல மொயெட் திரும்ப வந்தது, அதுவும் தெரியல. பீய்ச்சறதுக்கு கோலி சோடாவே போதும், அதுக்குன்னே செஞ்சது.

திறக்கறப்ப எட்டு, பத்து டிகிரிக்குக் குளிர வெச்சிருக்கணும். கம்பி வலையைத் தளர்த்தினதும் கட்டைவிரலைக் கார்க் மேலருந்து எடுக்காதீங்க. பாட்டிலைச் சாய்ச்சுப் பிடிச்சு, கார்க்கைத் திருகாம பாட்டிலைத் திருப்புங்க. 'டப்'புனு வெடிக்காம 'புஸ்'ஸுனு பெருமூச்சு விட்டா சரியாத் திறந்திருக்கீங்க. ஒல்லியான நீளக் கிளாஸ் கல்யாண ஃபோட்டோவுக்குத்தான் அழகு, மூக்கு உள்ள போகாது. இத்தனை மாசம் காத்திருந்து சேர்த்த வாசத்தை மோந்து பார்க்க முடியலைன்னா எதுக்கு? சாதா வெள்ளை ஒயின் கிளாஸே நல்லா இருக்கும்.

கடைசியா ஒண்ணு, இது யாரும் சொல்றதில்லை. பிறந்தநாள் கேக்கோட, தீபாவளிக்கு ஜாங்கிரியோட ப்ரூட்டைக் குடுத்துட்டு 'என்னங்க இது, புளிச்ச தண்ணி மாதிரி இருக்கு, இதுக்கா இவ்வளவு காசு'ன்னு மாமியார் கேட்டா தப்பு மாமியார் மேல இல்லை. வாயில இனிப்பு இருக்கறப்ப அதைவிட இனிப்புக் குறைஞ்ச ஒயின் புளிக்கத்தான் செய்யும். இனிப்புக்கு டெமி-செக் வாங்குங்க. அந்த ப்ரூட்டை மறுநாள் எடுத்து, சுடச்சுட வாழைக்காய் பஜ்ஜியோட, இல்ல நல்லா மொறுமொறுன்னு வறுத்த நெத்திலியோட குடுங்க. எண்ணெயைக் குமிழியும் புளிப்பும் வழிச்சு எடுத்துட்டுப் போகும், அடுத்த பஜ்ஜிக்கு வாய் தயாரா இருக்கும். மாமியாருக்கு ரெண்டாவது கிளாஸ் கேட்காமலே ஊத்தலாம்.